மூன்றாம் பருவத்தில் நுழைகிறவர்கள்: குறும்படிப்பிலிருந்து பட்டத்துக்குப் போகும் வழி

பத்தாம் வகுப்பு முடித்த புதுக்கோட்டை மாவட்ட மாணவர் ஒருவர், மேல்நிலை வகுப்புக்குப் போகாமல் அறந்தாங்கியிலோ கந்தர்வக்கோட்டையிலோ உள்ள அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்றாண்டில் டிப்ளமோ பெற்றுவிடுவார். அதன்பின் வேலைக்குப் போகலாம். அல்லது பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், அதாவது மூன்றாம் பருவத்தில், நேரடியாகச் சேரலாம். ஏறக்குறைய அதே வயதில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஓராண்டு டிப்ளமோ முடித்த இன்னொருவர் பட்டம் படிக்க நினைத்தால், பெரும்பாலும் முதலாண்டின் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னவர் படித்தது கணக்கில் ஏறுகிறது. பின்னவர் படித்தது ஏறுவதில்லை.

இந்த வேறுபாட்டின் அடியில் நூறாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவரும் ஒரு கேள்வி இருக்கிறது. குறுகிய காலக் கல்லூரிப் படிப்பு தன்னளவில் முழுமையானதா, அல்லது பட்டப்படிப்பின் முதல் பகுதியா? இரண்டுமாக அது இருக்க முடியுமா? முடியுமென்றால், மாணவர் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடம் ஏற்கவேண்டிய பொறுப்பு யாருடையது? அமெரிக்காவில் ஈராண்டு சமுதாயக் கல்லூரியிலிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது என்ற வடிவில் இது பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு மிக நெருங்கியது பாலிடெக்னிக்கிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போகும் ‘லேட்டரல் என்ட்ரி’. இக்கட்டுரை அதை மையமாக வைத்து, இதுவரை சொல்லப்பட்ட விடைகளை அவற்றின் தோற்றத்தோடும் குறைகளோடும் பரிசீலிக்கிறது.

இரண்டாம் நிலைக் கல்லூரிகளின் காலம்

இங்கே கிடைத்த முதல் விடை இன்று பெரும்பாலும் மறந்துபோனது. சென்னை மாகாணத்துக் கல்லூரிகள் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிக்கப்பட்டிருந்தன. முதல் நிலைக் கல்லூரிகள் பி.ஏ. வரை கற்பித்தன. இரண்டாம் நிலைக் கல்லூரிகள் எஃப்.ஏ. என்ற ஈராண்டுப் படிப்போடு நின்றன. பிற்காலத்தில் அதன் இடத்தில் இன்டர்மீடியட் வந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரி 1880இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாகவே உருவெடுத்தது. அங்கே ஈராண்டு முடித்தவர் மேலே படிக்க விரும்பினால் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அப்படிப் போனவர்களில் நாடறிந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியால் அக்கல்லூரியின் முதல் மாணவியாகச் சேர்ந்து படித்த அவர், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912இல் மருத்துவரானார்.

ஊர் மாறுவது கடினமாக இருந்தது. பணமும் குடும்பத்தின் இசைவும் வேண்டியிருந்தன. ஆனால் படித்ததை அடுத்த கல்லூரி ஏற்குமா என்ற சந்தேகம் எழவில்லை. காரணம் எளிது. எஃப்.ஏ. தேர்வையும் பி.ஏ. தேர்வையும் சென்னைப் பல்கலைக்கழகமே நடத்தியது. பாடத்திட்டம் ஒன்று, தேர்வாளர் ஒன்று. எனவே புதுக்கோட்டையில் தேறியவருக்கும் சென்னையில் தேறியவருக்கும் சான்றிதழில் வேறுபாடு கிடையாது.

அந்த ஏற்பாட்டின் குறையும் அதே இடத்தில் இருந்தது. எல்லாப் பாடத்திலும் ஒருசேரத் தேறாதவருக்கு அது எந்த மதிப்பையும் தரவில்லை. கணிதத்தில் ஒப்பற்றவரான ராமானுஜன் பிற பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. தேறவே இல்லை. வேலைக்கான பயிற்சி என்ற பேச்சும் அப்படிப்பில் கிடையாது. வழியில் நின்றவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் எழுத்தர் வேலைக்கான தகுதிதான். 1952-53இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு இன்டர்மீடியட்டை நீக்கப் பரிந்துரைத்தது. பின்னர் பி.யு.சி. வந்தது. 1978இல் பிளஸ் டூ வந்தபோது அந்த ஈராண்டு முழுவதுமாகப் பள்ளிக்குள் போய்விட்டது. பட்டத்துக்கு முந்தைய ஈராண்டுக் கல்லூரி என்ற அமைப்பு இங்கே அத்தோடு மறைந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் அது பெருகிக்கொண்டிருந்தது.

அமெரிக்க விவாதமும் அதன் எல்லையும்

சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் ஊக்கத்தால் 1901இல் இலினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி, அந்நாட்டு சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் முதல் ஈராண்டை ஊர்களுக்குப் பகிர்ந்தளிப்பது அன்றைய நோக்கம். வேலைப் பயிற்சியும் முதியோர் கல்வியும் பின்னால் சேர்ந்தன.

1960இல் சமூகவியலாளர் பர்டன் கிளார்க் முன்வைத்த வாதம் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. பட்டம் பெறும் ஆசையோடு வருகிற மாணவரைத் தேர்வுகள், ஆலோசனைகள், குறைநீக்கப் பாடங்கள் வழியாகப் படிப்படியாக ஆசை தணிய வைத்து வேறு திசைக்கு அனுப்புவதே இக்கல்லூரிகளின் பேசப்படாத வேலை என்றார் அவர். ஸ்டீவன் பிரின்ட், ஜெரோம் கராபெல் இருவரும் 1989இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வரலாற்றைச் சேர்த்தனர். மாணவர்கள் பட்டத்தை விரும்பியபோதும் கல்லூரி நிர்வாகங்கள் தங்களுக்கென ஒரு தனிக் களம் தேடித் தொழிற்பயிற்சி பக்கம் சாய்ந்தன என்பது அவர்கள் முடிவு. மறுபக்கம், பொருளியலாளர் சிசிலியா ரௌஸ் 1995இல் செய்த ஆய்வு, இக்கல்லூரிகள் கல்லூரிக்கே வந்திராத பலரை உள்ளே கொண்டுவந்து மொத்தக் கல்வி ஆண்டுகளைக் கூட்டுகின்றன என்றும், பட்டம் பெறும் வாய்ப்பைப் பெரிதாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும் காட்டியது.

இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: மாற்றம் நடைமுறையில் அரிது. அண்மைக் கணக்கின்படி அங்கே சமுதாயக் கல்லூரியில் நுழைகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார். ஆறாண்டுக்குள் பட்டம் பெறுவோர் 16 விழுக்காடு மட்டுமே. படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுப்பது இதற்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால்தான் ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண்களை வைத்தது. கலிபோர்னியா 2010இல் சட்டமே இயற்றி, மாற்றத்துக்கென்றே ஓர் ஈராண்டுப் பட்டத்தை உண்டாக்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் ஒரே தேர்வால் தீர்த்து வைத்திருந்த சிக்கலை இந்த மாநிலங்கள் ஒப்பந்தங்களால் தீர்க்கப் பார்க்கின்றன.

இந்த விவாதத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே மாணவர் பிரிவது பதினெட்டு வயதில் அல்ல, பதினைந்து வயதில். பாலிடெக்னிக் முதலாண்டு மாணவர் சட்டப்படி இன்னும் சிறுவர். அந்த வயதில் எடுக்கும் முடிவு எவ்வளவு அவருடையது, எவ்வளவு குடும்பச் சூழலுடையது என்ற கேள்வி அமெரிக்க நூல்களில் இந்த அழுத்தத்தோடு வருவதில்லை.

டிப்ளமோவே முடிவாக இருக்கட்டும் என்ற வாதம்

சுதந்திர இந்தியாவின் திட்டமிடலாளர்கள் பாலிடெக்னிக்கை வழியாக எண்ணவில்லை. அதுவே போய்ச்சேரும் இடம் என்று எண்ணினார்கள். வரைபடம் போடும் பொறியாளருக்கும் எந்திரத்தை இயக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு தொழில்நுட்பர் வேண்டும். அவரை உருவாக்குவதே பாலிடெக்னிக்கின் வேலை. 1966இல் வந்த கோத்தாரி குழு அறிக்கை, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போரில் பாதிப்பேர் தொழிற்பிரிவுகளுக்குப் போக வேண்டும் என்றது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியோடு தொடர்புடைய ஜி.ஆர். தாமோதரன் தலைமையில் 1970-71இல் அமைந்த குழு, பாலிடெக்னிக் படிப்பைத் தொழிற்சாலைத் தேவையோடு நெருக்கமாக இணைக்க முனைந்தது. 1973இல் தொழில் பழகுநர் சட்டம் டிப்ளமோ படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

புதுக்கோட்டைப் பகுதிக்கு இவ்வாதம் வெறும் ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை. 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் கொதிகலன் ஆலையும், அதைச் சுற்றி மாத்தூர், விராலிமலை வரை பரவிய துணைத் தொழிற்கூடங்களும் டிப்ளமோ படித்தவர்க்குத் தெளிவான ஓர் எதிர்காலத்தைக் காட்டின. வெல்டிங் ஆய்வு, தரக்கட்டுப்பாடு, உற்பத்தி மேற்பார்வை போன்றவை பட்டம் கேட்காத, ஆனால் திறமை கேட்கும் வேலைகள்.

இந்நிலைப்பாட்டின் பலம் அது தொழில்நுட்பரின் வேலையை மதிப்பதில் இருக்கிறது. எல்லாரும் பட்டதாரியானால் பட்டறையில் நிற்பவர் யார் என்ற கேள்வி நியாயமானதே. அதன் பலவீனம் சம்பளப் பட்டியலில் தெரிகிறது. அரசுத் துறைகளிலும் பெருநிறுவனங்களிலும் பட்டதாரிக்கும் டிப்ளமோ படித்தவருக்கும் பதவி வரிசைகள் தனித்தனி. முப்பதாண்டு அனுபவமுள்ள டிப்ளமோக்காரர், நேற்று சேர்ந்த பட்டதாரியின் கீழ் வேலை செய்வது இயல்பாகவே நடக்கிறது. டிப்ளமோவே போதும் என்று பரிந்துரைப்பவர்கள் அந்த வரிசைகளை மாற்றச் சொல்லி அதே அழுத்தத்தோடு வாதிட்டதில்லை. அதுவரை மாணவர் பட்டத்தை நாடுவதை மோகம் என்று ஒதுக்க முடியாது. அவர் நிலைமையைச் சரியாகக் கணக்கிடுகிறார்.

வேலையில் இருந்தபடியே பட்டத்தகுதி பெற முன்பு ஒரு வழி இருந்தது. இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதி, டிப்ளமோ படித்த பலர் பொறியாளர் தகுதிக்கு உயர்ந்தனர். கல்லூரி வாசலையே மிதிக்காமல், பகலில் வேலை, இரவில் படிப்பு என்று பல ஆண்டு உழைத்துத் தேறியவர்கள் அவர்கள். 2013 மே 31க்குப் பின் பதிவு செய்தவர்களுக்கு அத்தேர்வைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்கவில்லை. சில அரசு, உதவிபெறும் கல்லூரிகளின் பகுதிநேர பி.இ. மட்டும் எஞ்சியது. வேலை பார்க்கும் ஏழைத் தொழில்நுட்பருக்கு இது ஒரு பெரிய இழப்பு. அதற்குரிய கவனம் கிடைக்காமலே அது கடந்துபோனது.

குலக்கல்வியின் நினைவு

தொழிற்படிப்பு என்றாலே தமிழ்நாட்டில் எழும் ஐயத்துக்கு ஓர் ஆண்டும் ஒரு பெயரும் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும் மறுவேளை குடும்பத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரஸுக்குள்ளேயே பலரும் அதை எதிர்த்தனர். 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார்.

அன்றிலிருந்து இங்கே ஒரு நிலைப்பாடு உறுதியாக வேரூன்றியிருக்கிறது: ஏழைப் பிள்ளைக்குத் தனிப் பாதை போடாதே, எல்லாரும் போகும் பாதையில் அவனையும் விடு. உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22இல் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு என்ற நிலைக்கு இந்த மனப்பான்மையும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது.

ஆனால் இந்நிலைப்பாடு பாலிடெக்னிக்கை எப்படிப் பார்ப்பது என்பதில் தடுமாறுகிறது. பத்தாம் வகுப்போடு டிப்ளமோவுக்குப் போகிறவர்களில் பலர் விரைவில் சம்பாதிக்க வேண்டிய குடும்பத்தினர் என்பது ஊரறிந்தது. அவர்களுக்கு அது தனிப் பாதை. அப்பாதையிலிருந்து பொதுப்பாதைக்குத் திரும்பும் வழி அகலமாக இருந்தால் மட்டுமே அது குலக்கல்வி ஐயத்திலிருந்து விடுபடும். இந்தக் கோணத்தில் லேட்டரல் என்ட்ரி ஒரு நிர்வாக ஏற்பாடு மட்டுமல்ல, சமூகநீதி ஏற்பாடும்கூட. சமூகநீதியை முன்னிறுத்தும் விவாதங்களில் அதன் பெயர் அரிதாகவே கேட்கிறது.

நேரடி இரண்டாமாண்டு: எப்படி இயங்குகிறது

இங்கே சற்று விரிவாக நிற்க வேண்டும். இவ்வழியின் பலமும் பலவீனமும் நுணுக்கங்களில்தான் இருக்கின்றன.

முதலில் கால அளவு. பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோ 3 ஆண்டு, பட்டம் 3 ஆண்டு, மொத்தம் 6. மேல்நிலை 2 ஆண்டு, பட்டம் 4 ஆண்டு, அதுவும் 6. டிப்ளமோ வழியாகப் போகிறவர் ஓராண்டைக்கூட இழப்பதில்லை. பாதியில் நின்றாலும் கையில் ஒரு தொழில்நுட்பத் தகுதி இருக்கும். பிளஸ் டூ முடித்தோ ஈராண்டு ஐடிஐ முடித்தோ டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் மொத்தம் ஓராண்டு கூடும். ஐடிஐயில் ஃபிட்டர் படித்த ஒருவர் இரண்டு முறை நேரடியாக இரண்டாமாண்டில் நுழைந்து பொறியியல் பட்டதாரி ஆக முடியும் என்பது எண்ணிப் பார்த்தால் அரிய ஏற்பாடு. அமெரிக்காவில் கேட்டுப் போராடும் ஒன்று இங்கே விதியாகவே இருக்கிறது.

சேர்க்கைக்கு டிப்ளமோவில் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. மாநிலக் கலந்தாய்வு பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்துவந்திருக்கிறது. புதுக்கோட்டைக்கு அது பக்கத்து ஊர். இம்மாவட்டத்தாருக்கு எட்டும் தூரத்திலுள்ள அரசு சார்ந்த பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் எல்லைக்கு வெளியில்தான் இருக்கின்றன: தெற்கே காரைக்குடி, வடக்கே செங்கிப்பட்டி, விராலிமலையைத் தாண்டிச் சேதுராப்பட்டி, கிழக்கே பட்டுக்கோட்டை அருகே ராஜாமடம். ஆலங்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ தினம் போய்வருவது பேருந்து நேரத்தைப் பொறுத்தது. தினம் வீடு திரும்ப வேண்டிய மாணவி பெரும்பாலும் அருகிலுள்ள தனியார் கல்லூரியையே பார்க்க வேண்டியிருக்கும்.

அங்கே இடம் இருக்கிறது. ஒப்பளிக்கப்பட்ட எண்ணிக்கையில் ஒரு சிறு விகிதத்தோடு, முதலாண்டில் நிரம்பாத இடங்களும் டிப்ளமோ மாணவருக்குத் திறக்கப்படுகின்றன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தனியார் பொறியியல் கல்லூரிகளில் காலியிடங்கள் பெருகியதால் இவ்வழி தானாகவே அகன்றது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கல்லூரிக்கு இடம் நிரம்ப வேண்டும் என்பதால் அகன்ற வழி, தேவை மாறினால் குறுகிவிடவும் கூடும். மேலும், எந்தக் கல்லூரியில் இடம் மிகுதி என்பதும் எந்தக் கல்லூரி நன்றாகக் கற்பிக்கிறது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது பாடம். நேரடியாக மூன்றாம் பருவத்தில் சேர்கிறவர் முதலிரண்டு பருவங்களின் பொறியியல் கணிதம், இயற்பியல், வேதியியல், நிரல் எழுதும் பாடம் ஆகியவற்றைப் படிக்காமலே வருகிறார். பட்டறை, வரைபடம் போன்றவற்றில் அவர் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர். இதை ஆசிரியர்களே சொல்வார்கள். கணிதத்தில் நிலைமை தலைகீழ். மேல்நிலைப் பள்ளியில் ஈராண்டும் கல்லூரியில் ஓராண்டும் வகைநுண்கணிதம் படித்தவரோடு, டிப்ளமோ முதலாண்டில் மட்டும் கணிதத்தைச் சற்று ஆழமாகப் பார்த்தவர் ஒரே வகுப்பில் அமர்ந்து ஃபூரியர் தொடரையும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் எதிர்கொள்கிறார். மூன்றாம் பருவக் கணிதத்தில் அரியர் விழுவது டிப்ளமோ மாணவரிடையே பழகிப்போன பேச்சு. இது திறமைக் குறைவு அல்ல, பாட வரிசையில் இருக்கும் இடைவெளி.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகார விதிகள், இப்படிப் பல பின்னணியிலிருந்து வருவோருக்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றில் இணைப்புப் பாடங்களைப் பல்கலைக்கழகம் நடத்த வேண்டும் என்கின்றன. ஆனால் பருவம் தொடங்கிய பின் கலந்தாய்வு முடிந்து மாணவர் வந்து சேரும்போது, எஞ்சிய வாரங்களில் அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். டிப்ளமோ பாடத்திட்டத்தை வகுத்துத் தேர்வு நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பட்டப்படிப்புக்கு அண்ணா பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே மாநிலத்தில், சென்னையில் அருகருகே இயங்கும் அமைப்புகள். ஒன்றின் ஆறாம் பருவம் மற்றதன் மூன்றாம் பருவத்தை நோக்கி எழுதப்பட்டிருந்தால் இணைப்புப் பாடமே தேவைப்படாது. நுழைவுக்கான அனுமதி இருக்கிறது, பாடத்தில் தொடர்ச்சி இல்லை: இவ்வழியின் முதன்மைக் குறை இதுவே என்பது என் மதிப்பீடு. இரண்டாம் நிலைக் கல்லூரிக் காலத்தோடு ஒப்பிட்டால் அனுமதி இன்று அகலமானது, தொடர்ச்சி அன்று உறுதியானது.

மொழியும் இதில் சேரும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழியில் கட்டடவியல், எந்திரவியல் பி.இ. தொடங்கியது. ஆனால் பெரும்பான்மை வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்போடு வந்தவருக்கு ஆங்கிலத்தைப் பழக மேல்நிலையின் ஈராண்டு கிடைத்திருக்காது.

மூன்றாவது, உரிமைகளின் தொடர்ச்சி. அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அவ்விடங்களில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. மிகச் சிறந்த சட்டம். அதற்கான நிபந்தனை 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. பத்து வரை அரசுப் பள்ளியிலும் அதன்பின் அரசு பாலிடெக்னிக்கிலும் படித்த மாணவர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. அவர் முழுக்க முழுக்க அரசு நிறுவனங்களிலேயே படித்தவர். வறுமையில் மற்றவருக்கு இளைத்தவரல்லர். ஆயினும் வகுப்புகளின் எண் அவரை வெளியே நிறுத்துகிறது. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் டிப்ளமோ, ஐடிஐ மாணவர்களையும் சேர்த்தே வகுக்கப்பட்டன. ஆகவே இது கொள்கை முரண் என்பதைவிட, சட்டம் எழுதும்போது இந்த வழி நினைவுக்கு வராமல் போயிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

சமுதாயக் கல்லூரிகள்: பெயர் வந்தது, வழி வரவில்லை

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரோடு முதலில் வந்தது 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் சென்னை சமுதாயக் கல்லூரி வந்தது. அதன் பின்னால் இருந்து இயக்கத்தை நாடெங்கும் பரப்பியவர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ். பள்ளியை விட்டவர், வேலையற்ற இளைஞர், ஏழைப் பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, வாழ்க்கைத் திறன், மொழி, கணினி, தொழிற்பயிற்சி, களப்பயிற்சி அடங்கிய குறுகிய கால டிப்ளமோவாக அது வடிவமைக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளில் நின்றது. 2013-14 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தன் திட்டத்தைக் கொண்டுவந்தது.

சமூகம் சார்ந்த கற்றலுக்குப் புதுக்கோட்டை புதிதல்ல. 1991-92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், கல்குவாரிப் பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேரை எழுத்துக்கும் சைக்கிளுக்கும் பழக்கியது. அங்கே கற்ற ஒருத்தி அடுத்து எந்தச் சான்றிதழை நோக்கிப் போகலாம் என்பதற்கு முறையான கல்வி அமைப்பில் விடை இருக்கவில்லை. சமுதாயக் கல்லூரி அந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும்.

முதல் இலக்கில் அது பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. நர்சிங் உதவியாளர், தையல், மின்பணி, கணினிப் பயிற்சி எனப் பலரை அது வேலைக்கு அனுப்பியது. ஆனால் அமெரிக்க முன்மாதிரியின் மற்றொரு பாதியான பட்டத்துக்குப் போகும் வழி இங்கே ஏறக்குறைய விடுபட்டுப்போனது. இதைக் குறையாகப் பார்க்கக் கூடாது என்போர், வந்தவர்களின் தேவை வேலைதான் என்கிறார்கள். அது பெரும்பாலும் சரியே. எனினும், அரசு வேலைக்குப் பட்டம் 10, 12, பட்டம் என்ற வரிசையில் பெறப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் 2009 முதல் இறுகிவிட்ட நிலையில், வரிசைக்கு வெளியே கற்றவர் பின்னாளில் மனம் மாறினாலும் திரும்ப வழி குறுகலானது.

மானியக் குழு வகுத்த பி.வோக். படிப்பு இதை ஓரளவு சரிசெய்ய வந்தது. ஓராண்டில் டிப்ளமோ, ஈராண்டில் உயர் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். எங்கே நின்றாலும் ஒரு சான்றிதழ். வடிவம் நேர்த்தியானது. ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து எந்த முதுகலையில் சேரலாம், எந்தத் தேர்வு எழுதலாம் என்ற ஐயம் பெற்றோரிடம் தீரவில்லை. மாணவர் சேரத் தயங்குகிற இடத்தில் வடிவத்தின் நேர்த்தி பெரிதாக உதவாது.

கிரெடிட் வங்கி

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் விடை வேறு வகை. எந்த நிறுவனத்தில் எதைப் படித்தாலும் அதைக் கிரெடிட்டாகச் சேமித்து, பின்னால் வேறிடத்தில் பயன்படுத்தலாம்; இடையில் வெளியேறலாம், திரும்பி வரலாம். இதற்கான கல்விக் கிரெடிட் வங்கி 2021இலும், பள்ளி, தொழிற்பயிற்சி, உயர்கல்வி மூன்றையும் ஒரே அளவையில் கொண்டுவரும் தேசிய கிரெடிட் சட்டகம் 2023இலும் வந்தன.

தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை. இடையில் வெளியேற அனுமதிப்பது ஏழை மாணவரின் இடைநிற்றலுக்குச் சான்றிதழ் கொடுப்பதாகும் என்ற எதிர்வாதம் இங்கே வலுவானது. குலக்கல்வி நினைவு அதில் தெளிவாக ஒலிக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் கவனிக்காத ஒன்று, கிரெடிட்டைச் சேமிப்பது எளிது, அதை ஏற்பதுதான் கடினம். பெறும் கல்லூரி ஏற்காவிட்டால் சேமிப்புக்குப் பொருளில்லை. அமெரிக்க அனுபவம் முழுவதும் இதையே காட்டுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தார் பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூர் வேறொரு கலவையை முயன்றது. அங்கே பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவருக்குப் பல்கலைக்கழகம் சில பாடங்களிலிருந்து விலக்கு அளிக்கிறது. அவர்களை மனத்தில் வைத்தே சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம் 2009இல் தொடங்கப்பட்டு 2014இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. அதே 2014இல், பட்டம் மட்டுமே உயர்வுக்கு வழி என்ற எண்ணத்தை மாற்ற முனைந்த ஆய்வுக் குழுவின் பரிந்துரைகளையும் அரசு ஏற்றது. வழியை அகலமாக்குவதும் வழியில் போகாதவரை மதிப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. ஒரு சிறிய, பணக்கார நகர நாட்டில் முடிந்தது இங்கே எவ்வளவு முடியும் என்பது வேறு கேள்வி.

இன்னும் தீராதவை

பாலிடெக்னிக் முடிவா, வழியா என்ற பழைய வாதத்தில் ஒரு தரப்பு மட்டும் வென்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. விதிகளின் அளவில் தமிழ்நாடு வழி என்ற தரப்பைத் தேர்ந்துவிட்டது. பாடத்திட்டத்தின் அளவில் இன்னும் முடிவு என்ற தரப்பிலேயே நிற்கிறது. இடைவெளியைத் தன் உழைப்பால் நிரப்புகிறவர் பதினெட்டு வயது மாணவர். இந்த அளவுக்குச் சான்றுகள் ஓரளவு தெளிவானவை.

தெளிவாகாதவை பல. நேரடியாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாண்டில் பட்டம் பெறுகிறார்கள், எவ்வகைக் கல்லூரியில் தேர்ச்சி கூடுதல், மாணவியரும் பட்டியலின மாணவரும் இவ்வழியில் எங்கே தங்கிவிடுகிறார்கள் என்பவற்றை மாவட்டவாரியாகப் பார்த்தால்தான் கிளார்க் சொன்ன ஆசைத் தணிப்பு இங்கே நடக்கிறதா, ரௌஸ் கண்ட விரிவாக்கம் நடக்கிறதா என்று சொல்லலாம். அதற்கான கருவி இப்போது உண்டு. பள்ளி மாணவருக்கு எமிஸ் எண்ணும், உயர்கல்வி மாணவருக்கு யுமிஸ் எண்ணும் இருக்கின்றன. அறந்தாங்கியில் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவரை டிப்ளமோ வழியாகப் பட்டம் வரை பின்தொடர இவ்விரண்டையும் இணைத்துப் படிப்பதே போதுமானது. ஆளடையாளம் நீக்கிய தொகுப்பாக அதை ஆய்வாளருக்குத் தருவதில் பெரிய தடை இருக்க வேண்டியதில்லை.

7.5 விழுக்காட்டு வரையறையில் அரசு பாலிடெக்னிக் ஆண்டுகளையும் சேர்க்கலாமா என்பது சட்டமன்றம் தீர்க்க வேண்டியது. சேர்த்தால் மேல்நிலைப் பள்ளியிலிருந்து மாணவர் விலகுவார்களோ என்ற அச்சமும் பரிசீலனைக்குரியதே. சமுதாயக் கல்லூரி டிப்ளமோவில் எத்தனை பாடங்கள் கலைக் கல்லூரிப் பட்டத்துக்கு ஈடாகும் என்பதைப் புதுக்கோட்டைக் கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் முடிவு செய்யலாம். மூன்றாம் பருவக் கணிதத்துக்கு டிப்ளமோ கடைசிப் பருவத்திலேயே ஒரு விருப்பப் பாடம் வைப்பதற்கு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து அமர்ந்தால் போதும். புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. இம்மூன்றில் மூன்றாவதே மிக எளியது. முதலில் தொடங்க வேண்டியதும் அதுவாகவே இருக்கும்.